பட்ஜெட் போன் உங்கள் சிம்மோடு ஒத்துப்போகுமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

விலை குறைந்த போன் வாங்கப் போகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், ராம் எவ்வளவு என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். ‘என் சிம் இதில் ஒழுங்காக வேலை செய்யுமா?’ என்று மட்டும் கேட்க மாட்டார்கள். சிம்மைப் போட்டால் டவர் வரத்தானே போகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. டவர் வரும், உண்மைதான். ஆனால் வாசலில் நான்கு கோடு காட்டிய போன் உள்ளறைக்குப் போனதும் படுத்துவிடலாம். நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அழைப்பு வந்தால் நெட் அப்படியே நின்றுவிடலாம். பெட்டியில் 5ஜி என்று பெரிதாக அச்சிட்டிருந்தும் திரையில் 4ஜியைத் தாண்டாமல் இருக்கலாம். இதில் எதுவுமே போனின் பழுது இல்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் ‘போன் நல்லாத்தான் இருக்கு’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். போனும் நெட்வொர்க்கும் பொருந்தாததால் வரும் வினை இது.

விலை உயர்ந்த போன் வாங்குகிறவருக்கு இந்தத் தலைவலி அவ்வளவாகக் கிடையாது. புதிய ஐபோனிலும் சாம்சங்கின் எஸ் வரிசையிலும் 4ஜிக்கு மட்டுமே இருபதுக்கும் மேற்பட்ட பேண்டுகள், அதாவது அலைவரிசைகள், இருக்கும். எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் ஏதோ சில பொருந்திவிடும். மலிவு போனில் அந்தத் தாராளம் இருக்காது. ஒவ்வொரு பேண்டுக்கும் போனுக்குள் அதற்கேற்ற வடிகட்டி வேண்டும், பெருக்கி வேண்டும், ஆண்டெனாவை அதற்குத் தகுந்தபடி அமைக்க வேண்டும், அப்புறம் சோதனை, சான்றிதழ் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அதனால் தயாரிப்பாளர்கள் ஒரே போனை நாலைந்து பதிப்புகளாகச் செய்து, எந்தச் சந்தையில் எது தேவையோ அதை மட்டும் வைத்து அனுப்புகிறார்கள். ஆக, குறைந்த விலையில் வாங்குகிறவர்தான் அதிகம் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் நிலைமை அப்படி.

பேண்ட் என்பது என்ன?

கோபுரமும் போனும் ரேடியோ அலைகளில் பேசிக்கொள்கின்றன. மீடியம் வேவ் மட்டும் உள்ள பழைய ரேடியோவில் எஃப்எம் நிலையம் கேட்காது. ரேடியோவைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த அலையை வாங்கும் வசதி அதில் இல்லை. மொபைலிலும் அதேதான். ஒவ்வொரு நாட்டிலும் அரசு குறிப்பிட்ட அலைவரிசைகளைச் சேவை நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது. உங்கள் நிறுவனம் எந்த அலைவரிசையில் ஒலிபரப்புகிறதோ அதைக் கேட்கும் காது உங்கள் போனுக்கு இருக்க வேண்டும்.

இந்த அலைவரிசைகளுக்கு 3ஜிபிபி என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பு எண் கொடுத்திருக்கிறது. 4ஜியில் பேண்ட் 1 என்றால் 2100 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 3 என்றால் 1800, பேண்ட் 5 என்றால் 850, பேண்ட் 7 என்றால் 2600, பேண்ட் 8 என்றால் 900, பேண்ட் 20 என்றால் 800, பேண்ட் 28 என்றால் 700, பேண்ட் 40 என்றால் 2300. எண் பெரிதாக இருந்தால் அலைவரிசையும் பெரிது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. 5ஜி பேண்டுகளுக்கு முன்னால் ‘என்’ சேர்த்து என்28, என்41, என்78 என்று எழுதுவார்கள். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் நிறுவனம் பயன்படுத்துகிற நாலைந்து எண்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்த நாலைந்திலும் எல்லாம் ஒரே எடை கிடையாது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 3500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. நீளமான அலை தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். குட்டையான அலை சுவரில் முட்டித் தளர்ந்துவிடும், ஆனால் அந்த உயர்ந்த அலைவரிசைகளில் இடம் தாராளமாகக் கிடைப்பதால் ஒரே நேரத்தில் நிறையப் பேருக்கு நிறைய டேட்டா கொடுக்க முடியும். அதனால் நிறுவனங்கள் 700, 800, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகளை ஊர்ப்புறத்துக்கும் கட்டடங்களின் உட்பகுதிக்கும் நம்பியிருக்கின்றன. 2300, 2600, 3500 எல்லாம் நெரிசலான நகரப் பகுதிகளின் வேகத்துக்கு. 1800-உம் 2100-உம் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நின்று எல்லா வேலையும் பார்க்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் நிறுவனம் 4ஜிக்கு பேண்ட் 3, 7, 20 ஆகிய மூன்றைப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நல்ல விலைக்கு ஒரு போன் கண்ணில் படுகிறது. அதன் விவரப் பட்டியலில் ‘எல்டிஇ: 1, 3, 5, 8, 40, 41’ என்று இருக்கிறது (எல்டிஇ என்றால் 4ஜிதான்). ஆறு பேண்ட் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் உங்களுக்குப் பயன்படுவது அதில் 3 மட்டும்தான். போன் வேலை செய்யும். நகரத்துக்குள் நடமாடும்வரை ஒரு குறையும் தெரியாது. மாலையில் எல்லோரும் வீடியோ பார்க்கிற நேரத்தில், பேண்ட் 7 உள்ள பக்கத்து வீட்டுப் போனுக்கு வேறு வழி இருக்கும். உங்கள் போன் 3-லேயே நெரிசலில் நிற்கும். ஊரைத் தாண்டி, பேண்ட் 20 மட்டுமே எட்டுகிற சாலையில் போகும்போது டவரே இருக்காது. அதே நிறுவனத்தின் சிம், அதே பிளான், பக்கத்து இருக்கைக்காரர் பேசிக்கொண்டு வருவார்.

இது கற்பனை உதாரணம் என்றாலும் ஊரில் நடக்காதது அல்ல. சீனச் சந்தைக்கென்று செய்த போன்களில் பேண்ட் 20 பெரும்பாலும் இருக்காது. ஐரோப்பாவிலோ அது ஊர்ப்புற 4ஜிக்கு முக்கியமான பேண்டுகளில் ஒன்று. அமெரிக்கா இன்னும் தனி ரகம். அங்கே வெரைசானுக்கு பேண்ட் 13, டி-மொபைலுக்கு பேண்ட் 71 என்று, வேறு கண்டங்களுக்கான போன்களில் அபூர்வமாகவே காணப்படும் எண்கள்தான் பரந்த எல்லைக்கு ஆதாரம். ஆசியச் சந்தைக்கான மலிவு போனை அங்கே கொண்டுபோனால் அரைகுறையாகத்தான் ஓடும்.

ஒரு பேண்ட் குறைந்தால் பரவாயில்லையா என்று கேட்டால், எது குறைகிறது என்று திருப்பிக் கேட்பேன். உங்கள் நிறுவனத்தின் உயர்ந்த பேண்டுகளில் ஒன்று இல்லாவிட்டால் வேகம் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளலாம். அதன் ஒரே தாழ்ந்த பேண்ட் இல்லாவிட்டால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் போனை விட்டுவிடுங்கள்.

இரண்டு பட்டியல்களை எங்கே பிடிப்பது?

முதல் பட்டியல், உங்கள் நெட்வொர்க்குடையது. நிறுவனத்தின் தளத்தில், பெரும்பாலும் ‘உங்கள் சொந்த போனைக் கொண்டுவாருங்கள்’ என்பது போன்ற பகுதியில் இருக்கும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் கேட்கலாம், ஆனால் எல்லா நேரமும் தெளிவான பதில் வராது. சொந்தமாகக் கோபுரம் வைக்காமல் வேறொரு நிறுவனத்தின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்துச் சேவை தருகிற நிறுவனங்களும் உண்டு. உங்களுடையது அப்படிப்பட்டதென்றால் யாருடைய கோபுரத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அவர்களுடைய பட்டியலைப் பாருங்கள்.

இதைவிட நம்பகமான வழி, இப்போது கையில் இருக்கும் போனையே கேட்பது. பல ஆண்ட்ராய்டு போன்களில் டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு சோதனைத் திரை திறக்கும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். நெட்மான்ஸ்டர் போன்ற இலவசச் செயலிகள் இன்னும் தெளிவாக, இந்த நொடியில் எந்தப் பேண்டில் இருக்கிறீர்கள் என்றே காட்டிவிடும். சில திரைகளில் பேண்டுக்குப் பதிலாக ஏதோ ஒரு சேனல் எண் மட்டும் வரும். 1200 முதல் 1949 வரை இருந்தால் அது பேண்ட் 3, 6150 முதல் 6449 வரை இருந்தால் பேண்ட் 20. மற்றவற்றுக்கு இணையத்தில் அட்டவணை கிடைக்கும்.

செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். ஜன்னல் பக்கம் 40 என்று காட்டியது, உள்ளே தள்ளிப் போனதும் 3 ஆகும், கதவை மூடினால் 5 ஆகும். எந்த மூலையில் தாழ்ந்த பேண்டுக்கு இறங்குகிறதோ, புதுப் போனில் அந்தப் பேண்ட் இல்லையென்றால் அந்த மூலையில் டவர் கிடைக்காது என்று இப்போதே தெரிந்துவிடும். வேலை செய்யும் இடத்திலும், அடிக்கடி போகும் வழியிலும் இதே போல் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. பழைய போனில் இல்லாத பேண்டை அது காட்டாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது பட்டியல், வாங்கப் போகும் போனுடையது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், ஏனென்றால் போனின் பெயரை வைத்துத் தேடுகிறார்கள். பெயர் விளம்பரத்துக்கு, அடையாளம் மாடல் எண்ணில் இருக்கிறது. சாம்சங் கேலக்ஸி ஏ15 என்று ஒரே பெயரில் உலகெங்கும் விற்றார்கள். எஸ்எம்-ஏ155 என்று தொடங்கினால் அது 4ஜி போன். எஸ்எம்-ஏ156 என்று தொடங்கினால் 5ஜி. அதற்கும் பின்னால் ஓர் எழுத்து வரும். ‘யு’ என்றால் அமெரிக்கச் சந்தைக்கானது. பி, இ, எம், என் என்று மற்ற எழுத்துகள் மற்றச் சந்தைகளைக் குறிக்கும். எழுத்து மாறினால் பேண்ட் பட்டியலும் மாறலாம். ஷாவ்மி, மோட்டோரோலா, ரியல்மி போன்ற நிறுவனங்களும் இதையே வேறு வேறு எண்முறைகளில் செய்கின்றன.

மாடல் எண் பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும், போனின் செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியிலும் இருக்கும். இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் முழு மாடல் எண்ணைக் கேளுங்கள், கடைசி எழுத்து உட்பட. பிறகு தயாரிப்பாளரின் தளத்திலோ ஜிஎஸ்எம்அரீனா போன்ற தளத்திலோ அந்த எண்ணுக்கான பட்டியலை எடுத்துப் பாருங்கள். ‘சர்வதேசப் பதிப்பு, எல்லா சிம்மும் வேலை செய்யும்’ என்று மட்டும் பதில் வந்தால் நான் அங்கே வாங்க மாட்டேன். எல்லா சிம்மும் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இன்னொன்று. சிப் தயாரிப்பாளரின் பக்கத்துக்குப் போய், ‘இந்தப் பிராசஸர் இத்தனை பேண்டுகளைத் தாங்கும்’ என்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. சிப் தாங்கும், ஆனால் அதற்கு வேண்டிய வடிகட்டியைப் போன் செய்தவர் வைக்காமல் விட்டிருப்பார்.

பேண்ட் பொருந்தினாலும் பேச முடியாத போன்

பேண்டைப் பற்றி இப்போது ஓரளவு எல்லோரும் எழுதுகிறார்கள். வோல்ட்டி பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை. என்னைக் கேட்டால், இன்றைய தேதியில் பேண்டைவிட இதுதான் அதிகம் காலை வாருகிறது.

2ஜியிலும் 3ஜியிலும் குரல் அழைப்புக்கென்று தனிப் பாதை இருந்தது. 4ஜியை வடிவமைத்தபோது டேட்டாவுக்கு மட்டும் பாதை போட்டார்கள். குரலும் டேட்டாவாகவே போகட்டும் என்பது திட்டம். அப்படி 4ஜியின் வழியாகவே குரலை அனுப்பும் முறைதான் வோல்ட்டி. அது இல்லாத போனுக்கு அழைப்பு வந்தால், போன் 4ஜியை விட்டுவிட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி, பேசி முடித்து, மறுபடி ஏறி வரும். பேசும்போது மேலே 4ஜி என்ற அடையாளம் மறைந்து ‘எச்’ அல்லது ‘ஈ’ என்று மாறுவதைக் கவனித்திருப்பீர்கள், அது இதுதான். நெட் நின்றுபோவதும் மந்தமாவதும் இதனால்தான்.

இறங்குவதற்குக் கீழே படி இருந்தவரை சமாளித்தார்கள். இப்போது படியையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏடி&டி 2022 பிப்ரவரியிலும் வெரைசான் அந்த ஆண்டின் முடிவிலும் 3ஜியை நிறுத்தின. ஏடி&டி தன் நெட்வொர்க்கில் ஓடும் போன்களின் பட்டியல் ஒன்றையே வெளியிட்டது. 4ஜி, பேண்ட் எல்லாம் சரியாக இருந்தும் அந்தப் பட்டியலில் இல்லாத காரணத்தால் கழிந்துபோன போன்கள் ஏராளம். இந்தியாவில் ஜியோ 2016 செப்டம்பரில் சேவை தொடங்கியபோதே 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் 4ஜி மட்டும் வைத்துத் தொடங்கியது. வோல்ட்டி இல்லாத 4ஜி போன் வைத்திருந்தவர்கள் சாதாரண அழைப்புக்கே அந்த நிறுவனத்தின் தனிச் செயலியை ஏற்ற வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிட நுட்பமானது. அங்கே டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜியை நிறுத்தத் தொடங்கின. அதற்கு முன்பு ஒரு சிக்கல் வெளியே வந்தது: சில போன்களில் சாதாரண அழைப்பு வோல்ட்டியில் போகும், ஆனால் 000 என்ற அவசர எண்ணை அழைத்தால் மட்டும் 3ஜியைத் தேடும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. தினமும் நன்றாகப் பேசுகிற போன், உயிர் போகும் நேரத்தில் பேசாது. அரசு விதி கொண்டுவந்து, அவசர அழைப்பு செய்ய முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே தடுக்கச் சொன்னது. இவற்றில் கணிசமானவை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த போன்கள்.

ஏன் இப்படி? வோல்ட்டி எல்லா நிறுவனங்களிலும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஏற்ற அமைப்புக் கோப்பு போனின் மென்பொருளில் இருக்க வேண்டும். பெரிய போன்களுக்கு உலகிலுள்ள நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் அமைப்புகளை ஏற்றி வைப்பார்கள். மலிவு போனுக்கு அது விற்கப்படும் நாட்டின் நிறுவனங்களுக்கு மட்டும் இருக்கும். ஆகவே ‘இந்தப் போனில் வோல்ட்டி உண்டா?’ என்பது அரைக் கேள்வி. ‘என் நிறுவனத்தின் சிம்மில் இந்த மாடலுக்கு வோல்ட்டி வருமா?’ என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில்தான் கிடைக்கும். பட்டியலில் மாடல் எண் இல்லாவிட்டால், அதே மாடலை அதே சிம்மோடு பயன்படுத்துகிற யாரையாவது கேளுங்கள்.

டவருக்குப் பதிலாக வைஃபை வழியாகவே அழைப்பை அனுப்பும் வைஃபை காலிங்கும் இதே குடும்பம்தான். வீட்டுக்குள் டவர் மோசமாக இருந்து, ஆனால் நல்ல வைஃபை இருந்தால், இந்த வசதி பெரிய வரம். இதற்கும் போன், நிறுவனம் இரண்டு பக்கமும் சம்மதம் வேண்டும்.

5ஜி என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. பேண்ட் பொருத்தம் இங்கேயும் உண்டு. உலகில் பல நாடுகளில் 5ஜிக்கு என்78தான் முதல் தேர்வு, அதனால் அது பெரும்பாலான 5ஜி போன்களில் இருக்கும். அதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. 5ஜியை இரண்டு விதமாக ஓட்டலாம். ஏற்கெனவே இருக்கும் 4ஜி நெட்வொர்க்கின் தோளில் 5ஜியை ஏற்றி வைப்பது என்எஸ்ஏ. 4ஜியின் துணையில்லாமல் 5ஜியே முழுவதும் நிற்பது எஸ்ஏ. சில நிறுவனங்கள் ஒன்றை மட்டும் வைத்திருக்கின்றன, சில இரண்டையும்.

2024-இல் வந்த ரெட்மி ஏ4 5ஜி இதற்கு நல்ல பாடம். விலை குறைந்த சிப். அது எஸ்ஏ முறையை மட்டும் தாங்கும். ஜியோவின் 5ஜி எஸ்ஏ முறையில் ஓடியதால் அங்கே பிரச்சினையில்லை. ஏர்டெல் அப்போது பெரும்பாலும் என்எஸ்ஏவை நம்பியிருந்தது. ஏர்டெல் சிம் போட்டவர்களுக்கு அந்த 5ஜி போன் 4ஜி போனாகத்தான் இருந்தது. நிறுவனம் இதை மறைக்கவில்லை, விவரக்குறிப்பில் எழுதித்தான் இருந்தது. படித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

மென்பொருள் அனுமதி இங்கேயும் உண்டு. இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது, 5ஜிக்கான வன்பொருள் எல்லாம் இருந்தும் ஐபோன்களில் அது வரவில்லை. டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் திறந்தது. பெரிய நிறுவனம், அப்டேட் வந்துவிட்டது. பெயர் தெரியாத நிறுவனத்தின் மலிவு போனுக்கு அப்படி ஓர் அப்டேட் வரும் என்று காத்திருப்பது வீண்.

சிப்பின் பெயரை வைத்து ஒரு முதல் சல்லடை போடலாம்: மீடியாடெக்கில் ஹீலியோ என்றால் 4ஜி, டைமென்சிட்டி என்றால் 5ஜி. மில்லிமீட்டர் அலை என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுவது. அது மலிவு போன்களில் அநேகமாக இருக்காது, இல்லாததால் நஷ்டமும் இல்லை.

5ஜி கட்டாயம் வேண்டுமா? உங்கள் பகுதியில் 5ஜி நன்றாகக் கிடைத்து, போனை நாலைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். ஆனால் 5ஜி என்ற முத்திரைக்காக, உங்கள் நிறுவனத்தின் தாழ்ந்த 4ஜி பேண்டையும் வோல்ட்டியையும் விட்டுக்கொடுப்பது சரியான பேரம் இல்லை. எல்லாம் பொருந்திய 4ஜி போன், பாதி பொருந்திய 5ஜி போனைவிட நிம்மதி தரும்.

பூட்டும் ஐஎம்இஐயும்

சேவை நிறுவனங்கள் தள்ளுபடியில் தரும் போன்கள் சில, அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். வழக்கத்துக்கு மாறாக விலை குறைவாக இருந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் நேரான சோதனை. ஐபோனில் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதிக்குள் போனால், பூட்டு உண்டா இல்லையா என்று எழுதியே இருக்கும். பூட்டைத் திறந்துவிட்டால் எல்லா நெட்வொர்க்கிலும் ஓடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. திறந்தால் அடுத்த நிறுவனத்தின் சிம்மை ஏற்கும், அவ்வளவுதான். இல்லாத பேண்ட் எங்கிருந்து வரும்?

பழைய போன் வாங்குகிறீர்களென்றால் *#06# அடித்து, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, பெட்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். திருட்டுப் போன் என்று புகார் பதிவானால் அந்த எண்ணை நெட்வொர்க்குகள் முடக்கிவிடும். பல நாடுகளில் இதைச் சரிபார்க்க அரசுத் தளமே இருக்கிறது. இந்தியாவில் சிஇஐஆர் அப்படிப்பட்டது. துருக்கி, பாகிஸ்தான் போன்ற நாடுகளில் வெளியிலிருந்து கொண்டுவந்த போனைக் கெடுவுக்குள் பதிவு செய்து வரி கட்டாவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன் ஒருநாள் திடீரென்று நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் போனுக்கும் இது பொருந்தும்.

இரட்டை சிம் போன்களில் ஒரு சின்ன விஷயம்: சில மாடல்களில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே குழியில்தான் உட்கார வேண்டும், இரண்டில் ஒன்றுதான். குறைந்த விலைப் போனில் உள் சேமிப்பு சிறியதென்பதால் இது நாளடைவில் உறுத்தும். இரண்டு சிம்மிலும் ஒரே நேரத்தில் வோல்ட்டி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) வேண்டுமென்றால் தனியாக விசாரியுங்கள், மலிவு போன்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

கைக்கு வந்த பிறகு

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். முதலில் வருகிற மென்பொருள் அப்டேட்டை ஏற்றுங்கள். நிறுவன அமைப்புகள் பல நேரம் அதோடுதான் வரும். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, யாரையாவது அழைத்துப் பேசிக்கொண்டே ஒரு இணையப் பக்கத்தைத் திறங்கள். 4ஜி அடையாளம் அப்படியே நின்று பக்கமும் திறந்தால் வோல்ட்டி இருக்கிறது. அடையாளம் கீழே இறங்கினால், அல்லது அழைப்பே போகாவிட்டால், செட்டிங்ஸில் வோல்ட்டி என்ற விசை இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்களில் அவர்கள் பக்கத்திலிருந்தும் இயக்கிவிட வேண்டியிருக்கும், ஒரு போன் போட்டால் செய்துவிடுவார்கள். வெளியிலிருந்து உங்களை அழைக்கச் சொல்லியும் பாருங்கள். அழைப்பு போகும் ஆனால் வராது என்கிற விசித்திரமும் உண்டு.

டவர் நிறைய இருந்தும் நெட் மட்டும் வரவில்லையா? பதற வேண்டாம், இது பெரும்பாலும் ஏபிஎன், அதாவது நிறுவனத்தின் நெட்டோடு போன் இணைவதற்கான அமைப்பு, சரியில்லாததுதான். சேவை நிறுவனத்தின் தளத்தில் உள்ள ஏபிஎன் விவரத்தைச் செட்டிங்ஸில் ஏற்றினால் சரியாகிவிடும். அப்புறம், முன்பு பழைய போனோடு நடந்த அதே நடையைப் புதுப் போனோடும் நடங்கள், அதே அறைகள், அதே மூலைகள், அதே சாலை. பழைய போனில் டவர் இருந்த இடத்தில் இதில் இல்லையென்றால் காரணம் உங்களுக்கே தெரியும். அதை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. கெடு முடியும்வரை பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், ஸ்டிக்கரையும் கிழிக்காதீர்கள்.